மூடியில் எழுதிய பெயர்

"அவசரம் எனக் குறிக்கப்பட்டு, அவசரத்தின் காரணமும் எழுதப்பட்டு வரும் மாதிரிகளுக்கு, அவை வந்து சேர்ந்த நாளிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்பப்பட வேண்டும்." நான் வேலை பார்த்த பயிர் நோய் ஆய்வகத்தின் நடைமுறைக் குறிப்பில் இது பதினோராவது விதி. எனக்கு மனப்பாடமாகத் தெரிவதில் பெருமை ஒன்றும் இல்லை, எழுதியவனே நான்தான். விவசாயி அனுப்பும் இலை அழுகிப்போன பிறகு பதில் போடும் வழக்கத்தை ஒழிப்பதற்காக, ஒரு கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். மாதிரியோடு வர வேண்டிய படிவத்தையும் நானே வரைந்தேன். அதில் "அவசரமா? ஆம் / இல்லை" என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே "ஆம் எனில் காரணம்" என்று ஒரு கட்டம். காரணம் காலியாக இருந்தால் மாதிரி சாதாரண வரிசைக்குப் போகும் என்று அடிக்குறிப்பும் சேர்த்தேன். எல்லோரும் எல்லாவற்றையும் அவசரம் என்று எழுதிவிடக் கூடாது அல்லவா?

அதே குறிப்பில் மூன்றாவது விதி இன்னும் சின்னது. பெயரை மூடியில் எழுதக் கூடாது. பாத்திரத்தின் உடம்பில் எழுத வேண்டும். இதைச் சமையலறையில் மிளகாய்த்தூள் டப்பா வைத்திருக்கும் எந்த வீட்டுக்காரருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆய்வகத்தில் சொல்ல வேண்டியிருந்தது. என்னிடம் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மூன்று மாதம் வளர்த்த பூஞ்சைகளின் பெயர்களைத் தட்டுகளின் மூடியில் எழுதி வைத்திருந்தார். துடைக்கிறவர் ஒரு நாள் எல்லா மூடிகளையும் எடுத்துத் துடைத்து, அழகாகத் திரும்ப மூடிவிட்டுப் போனார். அந்த இளைஞருக்கு நான் மெமோ கொடுத்தேன். "மூடி ஊர் சுத்தும்யா, பாட்டில் ஊர் சுத்தாது" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இப்போது அந்த ஆய்வகத்தின் தலைவர் அவர்தான்.

ஓய்வு பெற்றதும் நானும் மனைவியும் திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டோம். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் வீடு. எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்குகிறவர்களில் பாதிப்பேர் மௌனத்தைத் தேடி வந்தவர்கள். அதைப் பற்றி டீக்கடையில் ஓயாமல் பேசுவார்கள். எனக்கு அந்தத் தேடல் இல்லை. எனக்கு மொட்டை மாடியில் ஒரு அறை, ஒரு கைலென்ஸ், ஒரு பழைய மிக்ஸி, நான்கு வாளிகள். மருத்துவத்துக்குப் பயன்படும் இலைகளின் சாற்றில் எது பயிரின் இலைப்புள்ளியைத் தடுக்கும் என்று பார்ப்பது வேலையில் இருந்தபோதே தொடங்கிய ஆசை. வேலையில் இருந்தபோது அதற்கு நேரம் கிடைக்கவில்லை. விதிகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் தங்கை கீழ்பென்னாத்தூர் பக்கம் இருக்கிறாள். மாப்பிள்ளை வேன் ஓட்டுகிறார்; நிலம் அவள் பொறுப்பு. இந்த ஆடியில் ஒரு ஏக்கர் மணிலா போட்டிருந்தாள். எங்கள் பக்கம் வேர்க்கடலையை மணிலா என்றுதான் சொல்வோம். எப்போதும் போடுகிற மணிலாதான். ஆனால் இந்த முறை அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்து விற்கும் ஒருவர், விளைவது முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ரசாயன மருந்து ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் எடுக்க மாட்டார். அவரை அவளுக்கு அறிமுகம் செய்து வைத்ததும், "மருந்து இல்லாமலே நான் பாத்துக்கறேன்" என்று உறுதி சொன்னதும் நான்.

ஆவணிக் கடைசியில் அவள் போன் செய்தாள்.

"அண்ணா, அடி இலையில கறுப்பு கறுப்பா புள்ளி வந்துருக்குது."

"மேல் பக்கமா, அடிப்பக்கமா?"

"அடிப்பக்கம்தான் ஜாஸ்தி. தடவினா சொரசொரன்னு இருக்குது."

லென்ஸ் தேவையில்லை, போனிலேயே தெரிந்துவிட்டது. டிக்கா என்று ஊரில் சொல்லும் இலைப்புள்ளி நோய், அதிலும் பின்னால் வந்து மொத்தமாகக் கொண்டுபோகிற வகை. புள்ளி விழுந்த இலை மஞ்சளாகி உதிரும். கீழிருந்து மேலாக ஏறும். காய் முற்றுவதற்குள் இலை போய்விட்டால் மண்ணுக்குள் பொக்குக் கடலைதான். மழையும் அந்த வாரம் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அந்தப் பூஞ்சைக்கு அதைவிட நல்ல வாரம் கிடையாது.

இரண்டு இலைகளைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று நொச்சி, அவள் கிணற்றுமேட்டு வேலியிலேயே இருந்தது. இன்னொன்று ஆடாதோடை, அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு தோட்டத்து வேலியில் இருந்து நானே பறித்து வந்தேன். தனித்தனியாக அரைத்து, வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்பும் சேர்த்து, ஒரே மாதிரியான இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்களில் ஊற்றினேன். வேப்பெண்ணெய் வழிந்து பாட்டிலின் உடம்பு முழுவதும் வழவழத்தது. மார்க்கர் பேனா வழுக்கியது. எழுத்து நிற்கவில்லை. துணியைத் தேடினேன், கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. மூடிகள் மட்டும் அப்போது காய்ந்திருந்தன.

ஒரு மூடியில் "நொ" என்றும் ஒரு மூடியில் "ஆ" என்றும் எழுதினேன். மூன்றாவது விதி நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. 'இங்கே யார் இருக்கிறார்கள், நானும் இரண்டு பாட்டிலும்தானே' என்று நினைத்தேன். விதியை மீறுகிற ஒவ்வொருவரும் இதைத்தான் நினைக்கிறார்கள் என்று, முன்பு பிறருக்கு எழுதிய மெமோக்களில் நான் குறிப்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் தங்கை நிலத்தில் மூன்று பட்டைகளாகத் தெளித்தோம். இடது ஓரத்தில் நான்கு வரிசைக்கு "நொ" மூடி போட்ட பாட்டில். வலது ஓரத்தில் நான்கு வரிசைக்கு "ஆ". நடுவில் நான்கு வரிசைக்கு இலைச்சாறு இல்லாமல் வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த தண்ணீர் மட்டும். மிச்ச நிலம் காத்திருந்தது. எது வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதை ஏக்கர் முழுக்க அடிப்பதாகத் திட்டம். ஏக்கருக்கு இருபது கிலோ இலையாவது பறிக்க வேண்டும், அரைக்க வேண்டும். எந்த இலை என்று தெரியாமல் அந்த வேலையில் இறங்க முடியாது என்று அவளிடம் சொன்னேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். இடது பட்டையும் நடுப் பட்டையும் ஒன்றுபோல மஞ்சள் தட்டியிருந்தன. வலது பட்டை பச்சையாக நின்றது. கோடு கிழித்த மாதிரி வித்தியாசம். வரப்பில் நின்று அதைப் பார்த்தபோது, வாழ்நாளில் அரிதாக வரும் ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது. ஆனாலும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. முடிவை எழுதிப் பார்க்காமல் வாயால் சொல்லக் கூடாது என்பது என் பழக்கம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் சொன்னேன். "ஆடாதோடைதான். சந்தேகமே இல்ல."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்த ரெண்டு பாட்டிலா? அதென்ன எண்ணெய்ப் பிசுக்கு! மூடி ரெண்டையும் கழட்டி சோப்பு போட்டுக் கழுவி மாட்டி வெச்சேன். நீங்க எழுதினது அழியாமதான் கழுவினேன், பயப்படாதீங்க."

"எப்போ?"

"நீங்க எடுத்துட்டுப் போனீங்களே, அன்னைக்குக் காலையில."

"எதை எதுல மாட்டின?"

"என்னங்க கேள்வி இது? மூடியை பாட்டில்லதான் மாட்டினேன்."

அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை. துடைக்கிறவர்மேலும் அன்று எந்தத் தப்பும் இல்லை. மெமோ அவருக்குப் போகவில்லை.

பாட்டில்களில் அடியில் கொஞ்சம் சாறு மிச்சமிருந்தது. இரண்டும் ஒரே கரும்பச்சை. முகர்ந்தால் இரண்டிலும் வேப்பெண்ணெய் நாற்றம்தான். எந்த மாதிரியையும் நாவில் வைக்கக் கூடாது என்பது ஐந்தாவது விதி; இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேப்பெண்ணெய்க் கசப்பு. ஆய்வகத்தில் இது அரை நாள் வேலை. சாற்றை ஒரு தட்டின்மேல் ஏறவிட்டால் அது நிறப் பட்டைகளாகப் பிரியும். தெரிந்த இலையின் பட்டைகளோடு ஒப்பிட்டால் இன்ன இலை என்று சொல்லிவிடலாம். மொட்டை மாடியில் அதற்கு வழியில்லை.

இரண்டு சின்ன பாட்டில்களை நன்றாகத் துடைத்து, உடம்பில் கொட்டை எழுத்தில் "மாதிரி 1", "மாதிரி 2" என்று எழுதினேன். படிவத்தை எடுத்தேன். நான் வரைந்த அதே படிவம், காகிதம் மட்டும் மட்டமாகியிருந்தது. "அவசரமா?" என்ற இடத்தில் "ஆம்" என்பதைச் சுற்றி வட்டம் போட்டேன். அடுத்த கட்டத்துக்கு வந்தேன். ஆம் எனில் காரணம்.

எழுத வேண்டியது ஒரே வரிதான். 'பெயரை மூடியில் எழுதியதால் எந்தச் சாறு எது என்று தெரியவில்லை; நோய் பரவுகிறது.' அந்த வரியை யார் படிப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் முகமும் தெரியும். பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டார்கள் என்று நம்பினேன். வேலையில் இருந்தபோது எத்தனையோ பெரிய மனிதர்கள் இதே நம்பிக்கையோடு காலிக் கட்டம் அனுப்பியிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் விலக்கு கொடுத்ததில்லை.

அன்று பௌர்ணமி. எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் எந்த வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும். கூரியர் கடைக்குப் போகும் வழியை அடைத்துவிட்டார்கள். பாட்டில்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கிரிவலம் போகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில் கொஞ்ச தூரம் நடந்தேன். "தாத்தா, ரிவர்ஸ்ல போறீங்க" என்று ஒரு பெண் அக்கறையாகச் சொன்னாள். திரும்பிவிட்டேன். மறுநாள்தான் அனுப்ப முடிந்தது.

மாதிரி போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வேலை நாட்களை எண்ணத் தொடங்கினேன். சனி, ஞாயிறு கணக்கில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காம் நாள் தங்கை நிலத்துக்குப் போனேன். இலைப்புள்ளிக்கு ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு அளவு உண்டு. ஒன்று என்றால் நோயே இல்லை. ஒன்பது என்றால் இலையே இல்லை. குனிந்து, பத்து இடத்தில் செடியைப் புரட்டிப் பார்த்து, நோட்டில் நான்கு என்று எழுதினேன். பன்னிரண்டாம் நாள் மூன்று போட்டிருந்தேன்; அந்த எண்ணை மட்டும் அவள் நோட்டில் எட்டிப் பார்த்திருந்தாள்.

தங்கை பக்கத்தில் வந்து நின்றாள். "எவ்ளோ மார்க் ணா?"

"நாலு."

"போன வாட்டி மூணுதானே போட்ட? ஏறியிருக்குதே! பரவால்லையே!" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நான்தான் வீணா பயந்துகினு இருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். திறந்து, "தண்ணி ஜாஸ்தி கட்டாத" என்று மட்டும் சொன்னேன்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இன்னும் மூன்று வேலை நாள். பதில் வந்துவிடும். வந்ததும் இலையின் பெயரோடு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். பாதி விஷயத்தைச் சொல்லி அவளை எதற்குக் கலங்கடிக்க வேண்டும்? விளக்கம் நன்றாக இருந்தது. 

ஏழாம் வேலை நாள் வந்து போனது. எட்டு. ஒன்பது. தபால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவேன். அவர் எங்கள் வீட்டைத் தாண்டி, பக்கத்து விடுதிக்கு யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு வந்த பார்சலைக் கொண்டுபோவார். நடுவில் மூன்று நாள் மழை. மழை பெய்தால் எங்கள் தெருவில் எல்லாருக்கும் மலை அழகாகத் தெரியும். எனக்கு மஞ்சள் இலைதான் தெரிந்தது. நிலத்தில் அளவு ஐந்து. தங்கை போனில், "அஞ்சாயிடுச்சா? எங்க வூட்டுக்காரர் கிட்ட சொல்றேன், அண்ணன் கை பட்டா பயிர் தேறும்னு" என்றாள்.

கடலை வாங்கப் போகிறவரும் ஒரு நாள் நிலத்தைப் பார்க்க வந்தார். ஒரு இலையைப் பறித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்தப் புள்ளி ஆர்கானிக்தானே?"

"முழுக்க ஆர்கானிக்" என்றேன்.

"அப்போ சரி சார்." திருப்தியோடு போய்விட்டார்.

பதினோராம் வேலை நாள் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். தலைவரே எடுத்தார்.

"சார்! வணக்கம் சார். உங்க மாதிரி வந்துருச்சு சார். வரிசையில இருக்கு."

"அவசரம்னு போட்டிருந்தேனே."

"போட்டிருந்தீங்க சார். காரணம் காலியா இருந்துச்சு. காலியா இருந்தா சாதாரண வரிசைனு நீங்கதானே சார் எழுதி வெச்சிருக்கீங்க." குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "பிரச்சினை ஒண்ணும் இல்ல சார். காரணத்தை இப்பச் சொல்லுங்க, நானே எழுதிக்கறேன். நாளைக்கே முடிச்சுடலாம்."

சொல்லியிருந்தால் மறுநாள் முடிந்திருக்கும். தங்கையின் ஒரு ஏக்கரும் என் ஒரு வரியும் அந்தப் போனில் இருந்தன. என் வாய் சொன்னது: "ஒண்ணும் இல்லப்பா. சும்மா ஒரு ஒப்பீட்டுக்குத்தான். வரிசைப்படியே பாருங்க."

"நல்லது சார். விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்னு உங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்."

போனை வைத்த பிறகு மனைவி கேட்டாள். "என்ன சொன்னாரு?"

"வரிசையில இருக்காம்."

"வரிசையா? அங்க மணிலா உதிருதுன்னு சொன்னீங்களா?"

நான் மாடிப்படி ஏறினேன். அவள் கீழிருந்தே சொன்னாள்: "எனக்கு அந்த மூடி விஷயத்துல உங்கமேல வருத்தம் இல்லீங்க. இதுல இருக்கு."

அதற்கு இரண்டு நாள் கழித்து மறுபடி கீழ்பென்னாத்தூர் போனேன். காலை பத்து மணி வெயில். வரப்பில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. செடிகளின் கீழ்ப்பாதியில் குச்சி மட்டும் நின்றது. உதிர்ந்த இலை வரிசைக்கு நடுவே சருகாகக் கிடந்தது. வலது ஓரத்து நான்கு வரிசை மட்டும், வேறு யாருடைய நிலமோ போல, பச்சையாக இருந்தது. பத்து இடத்தில் புரட்டிப் பார்த்தேன். நோட்டில் ஆறு என்று எழுதினேன்.

தங்கை உதிர்ந்த சருகில் கொஞ்சம் கையில் அள்ளி வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "எவ்ளோ ணா?"

"ஆறு."

அவள் இந்த முறை சிரிக்கவில்லை. கையில் இருந்த சருகைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். "மார்க் ஏறிக்கினே போவுது, செடி மொட்டையாயிக்கினே போவுதே. எப்படி ணா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூடி, வேப்பெண்ணெய், கழுவியது, படிவத்தின் காலிக் கட்டம், போன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசியாக, "ஒண்ணுன்னா நல்லது. ஒம்பதுன்னா போச்சு. ஜாஸ்தியானா மோசம்மா" என்றேன்.

 பக்கத்து நிலத்தில் யாரோ மோட்டார் போட்டார்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"மூடி மாறிப்போச்சு, அது போவட்டும்" என்றாள். "நான் அஞ்சாயிடுச்சுனு சந்தோசப்பட்டேனே, அப்போ நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"சொல்லாம இருந்தேன்."

"ஊர்ல எல்லார்கிட்டயும் சொன்னேன் ணா. எங்க அண்ணன் அஞ்சு போட்டாரு, அஞ்சு போட்டாருன்னு."

 நான் நோட்டை மூடினேன்.

அவள் சருகைக் கீழே போட்டுவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். "சரி. இப்போ எந்த இலைனு உனக்குத் தெரியாது. அவ்ளோதானே?"

"ஆமா."

"ரெண்டுல ஒண்ணுதானே?"

"ஆமா."

"ரெண்டையும் பாதி பாதி பறிச்சு, ஒண்ணா அரைச்சு அடிச்சா இன்னா?"

"அப்புறம் எதனால கேட்டுச்சுனு தெரியாம போயிடும்மா" என்றேன். அந்த வாக்கியம் வாயைவிட்டு வெளியே வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. நாற்பது வருடமாக நான் சொல்லி வரும் வாக்கியம். இரண்டு மருந்தைக் கலந்து தெளித்த எத்தனையோ பேருடைய ஆய்வறிக்கைகளை அந்த ஒரு வாக்கியத்தால் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் இந்த மூன்று வாரமும், எந்த விவசாயிக்கும் முதலில் தோன்றுகிற இந்த வழியை நான் ஒரு தடவைகூட எண்ணிப் பார்க்கவில்லை.

"யாருக்குத் தெரியாம போவும்?" என்றாள். "செடிக்கா?"

அன்று மதியமே வேலியில் நொச்சி பறிக்கத் தொடங்கினோம். மாப்பிள்ளை வேனை எடுத்துக்கொண்டு என்னோடு அடி அண்ணாமலைக்கு வந்தார். தோட்டத்துக்காரரிடம் கேட்டு இரண்டு கோணி ஆடாதோடை பறித்தோம். மாப்பிள்ளை வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது, "உக்காருங்க மச்சான், இடம் இருக்குது" என்று அவர் அளவுக்கு மீறி மரியாதையாகச் சொன்னதிலேயே தெரிந்தது. மாவு அரைக்கும் கிரைண்டரில் தங்கை அரைத்தாள். ஒரே டிரம்மில் ஊற்றினாள். கலக்கும்போது என் கை தானாகவே மார்க்கர் பேனாவைத் தேடியது. எழுத ஒன்றுமில்லை, ஒரு டிரம்தான்.

மறுநாள் காலையில் ஏக்கர் முழுக்க அடித்தோம். வலது ஓரத்துப் பச்சை வரிசைகளையும் அவள் விடவில்லை. "அதை விட்டுடும்மா, அது ஒண்ணுதான் சாட்சி" என்றேன். "அதுவும் மணிலாதான் ணா" என்று சொல்லிக்கொண்டே அடித்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அவள் என்னை அளவு பார்க்க விடவில்லை. அந்த அளவை என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, எந்த எண்ணுக்கு எவ்வளவு புள்ளி, எவ்வளவு உதிர்வு என்று போனில் எழுதி வைத்துக்கொண்டாள். நான்கு நாளைக்கு ஒரு முறை அவளே செடியைப் புரட்டிப் பார்த்துச் சொல்வாள். முதல் தடவை, "ஆறு." அடுத்த தடவை, "ஆறுதான். ஏறல." அந்த "ஏறல" என்ற சொல்லுக்காக நான் நான்கு நாள் சாப்பிட்டும் சாப்பிடாமலும் இருந்தேன். அதற்கடுத்த தடவை, "நுனியில புது இலை விட்டுருக்குது. புள்ளி இல்ல. ஆனா அடி இலை போனது போனதுதான்."

ஐப்பசியில் பிடுங்கினாள். போன வருடத்தைவிடக் கம்மி. எவ்வளவு கம்மி என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிடுங்கிய செடியில் முதலில் பிடித்த காய்கள் திரண்டிருந்தன. பின்னால் பிடித்தவற்றில் பல அமுக்கினால் உள்ளே போயின. நான் அந்த நான்காம் வேலை நாளிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் காய்களும் திரண்டிருக்கும் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கடலை வாங்குகிறவர் வந்தார், ஒன்றை உடைத்துத் தின்றார், நிபந்தனைப்படி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆடிக்கும் போடச் சொன்னார். "எங்க அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்று அவள் சொல்வாள் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். "போடறேங்க" என்றாள்.

நான் பதிலுக்காகக் காத்திருப்பதை அதற்குள் நிறுத்திவிட்டிருந்தேன். தபால்காரரே மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அரசு உறை, அரசு முத்திரை, என் பெயருக்கு முன்னால் எல்லாப் பட்டங்களும். உள்ளே நான் தட்டச்சு செய்து வைத்த பதில் படிவத்தில் இரண்டே வரி. மாதிரி 1, மாதிரி 2 இரண்டிலும் பூசணம் படர்ந்திருப்பதால் ஆய்வு செய்ய இயலவில்லை. புதிய மாதிரிகளை, பாத்திரத்தின் உடம்பில் பெயர் எழுதி, அவசரம் எனில் காரணத்துடன் அனுப்பவும்.

பூஞ்சையைத் தடுக்கும் சாறு. அதன்மேல் பூஞ்சை. மூன்று தடவை படித்தேன். பிறகு தங்கைக்குப் போன் செய்து முழுவதையும் படித்துக் காட்டினேன். எதையும் விடவில்லை; பூசணத்தையும் விடவில்லை. அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இரண்டு மாதமாகியிருந்தது. சிரித்து முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "எந்தத் தேதி வந்துச்சு ணா? அதையாவது சரியா சொல்லு."

உறையின் உடம்பில், நடுவில், பெரிதாக எழுதிவிட்டு அவளுக்குச் சொன்னேன்: கார்த்திகை ஒன்பது.